சிப்பிக் கல்லும் ஐடி ஃபேனும்

கோவையில் என் காதுக்குப் பழகியது ஸ்பின்னிங் மில் சத்தம்தான். அங்கே கதிர்கள் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழலும். அந்த மில்களிலும் பம்புசெட் பட்டறைகளிலும் மோட்டார்களின் அதிர்வைப் பார்த்துக்கொண்டு திரிந்த என்னை, ஒரு சித்திரை மாதம் அரியலூர்ப் பக்கம் அனுப்பினார்கள். சிமெண்ட் ஆலை ஒன்றில் வயர்லெஸ் சென்சார் பொருத்தும் வேலை. மொத்தம் 24 சென்சார். ஒரு வாரம் தங்கல்.

திருச்சியில் ஜெயங்கொண்டம் பஸ் ஏறினேன். லால்குடி வரைக்கும் வாழையும் நெல்லும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. கல்லக்குடி நெருங்கும்போதே மண் வேறு. அங்கே டால்மியாபுரத்தில் 1939-இல் தொடங்கிய சிமெண்ட் ஆலையைத் தாண்டியபின், எதிரே வந்த லாரிகளெல்லாம் வெளுத்திருந்தன. 'கீழப்பழுவூர்' என்ற பலகையைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சிலிர்ப்பு. பழுவேட்டரையர்கள் சோழர்களுக்குத் துணையாக நின்று ஆண்ட மண். பழு என்றால் ஆலமரம். ஆலந்துறையார் கோயில் சம்பந்தர் பாடிய தலம். பக்கத்தில் கீழையூரில் 9-ஆம் நூற்றாண்டு இரட்டைக் கோயில் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்துதான் இறங்கினேன். எனக்குத் தெரியாதது அந்த ஊர்ப்பக்கத்துக் கல்லைப் பற்றி.

முதல் நாள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் விளிம்பில் நிறுத்தி, ஆலையின் இளம் என்ஜினியர் ஒரு கல்லைக் கையில் கொடுத்தார். கல் முழுக்கச் சிப்பி. உள்ளங்கை அகலச் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது என்றார். புவியியலாளர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பாறை அடுக்குக்கு அரியலூர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கல்லைக் கீழே வைக்க எனக்கு மனசே வரவில்லை. கடல் உயிர் தன் ஓட்டுக்காகச் சேர்த்த சுண்ணாம்பைத்தான் நாம் இடித்து, அரைத்து, சுட்டு, வீடு கட்டுகிறோம்.

சுடுகிற இடம் கில்ன். 60 மீட்டருக்கு மேல் நீளமான இரும்புக் குழாய், லேசாகச் சாய்த்துப் படுக்க வைத்தது. உள்ளே கல்மாவு 1,450 டிகிரியில் வெந்து கிளிங்கர் என்ற கட்டியாகிறது. அந்தக் குழாய் நிமிடத்துக்கு நாலே சுற்றுதான் சுற்றும். 18,000 சுற்றிலிருந்து வந்தவன் நாலு சுற்றுக்கு முன்னால் வாயடைத்து நின்றேன். யானை திரும்புகிற மாதிரி திரும்புகிறது. அதன் மேல் தோலே 300 டிகிரியை ஒட்டி இருப்பதால் எங்கள் சென்சாரை அதில் ஒட்ட முடியாது. தூரத்திலிருந்து அகச்சிவப்பு ஸ்கேனர் ஒன்று வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. உள்சுவர்ச் செங்கல் விழுந்தால் வெளியே அந்த இடம் சூடாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் வேலை வேகமாகச் சுற்றுகிற மற்றவற்றில். மோட்டார், கியர்பாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக ஐடி ஃபேன், அதாவது இன்டியூஸ்டு டிராஃப்ட் ஃபேன். கில்னிலிருந்து வரும் சூடான புகையை இழுப்பது அதுதான். அது நின்றால் ஆலையே நிற்கும்.

சென்சார் ஒரு சின்ன டப்பா. உள்ளே அதிர்வு பார்க்க ஒரு சில்லு, வெப்பம் பார்க்க ஒன்று, ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு ரேடியோ. அதை பேரிங் ஹவுசிங்கின்மேல் உட்கார வைப்பதில்தான் பாதி வேலை. பெயின்டைச் சுரண்டி, பரப்பைச் சமமாக்கி, ஸ்டட் போட்டு முறுக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் சீக்கிரம் முடியும். ஆனால் பேரிங்கின் ஆரம்பக் கீறல் எழுப்பும் நுண்ணிய அதிர்வு அதில் மங்கிவிடும். நான் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை.

ரேடியோதான் இரண்டு நாள் படுத்தியது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கும் 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது பேசும். வெட்டவெளியில் கிலோமீட்டர் கணக்கில் போகும். இங்கேயோ எங்கு திரும்பினாலும் இரும்பு. ஐடி ஃபேன் சென்சார் பேசவே இல்லை. கடைசியில் சென்சார்களின் பேச்சைக் கேட்கும் கேட்வேயை ப்ரீஹீட்டர் கோபுரத்தின் நாலாவது மாடிக்கு ஏற்றினோம். ஏறி நின்று பார்த்தால் ஒரு பக்கம் வெள்ளைப் பள்ளங்கள், இன்னொரு பக்கம் சோளக்காடு, தெற்கே கொள்ளிடம் இருக்கும் திசையில் பச்சை. 24 சென்சாரும் அதன்பிறகுதான் வாய் திறந்தன.

என்னோடு ஏறியவர் ஒரு மூத்த ஃபிட்டர். எந்த பேரிங் தொல்லை தரும், எந்தப் பக்கம் சூடேறும் என்று இடம் காட்டியவர் அவர்தான். நான் வலது பக்கம் நின்று பேசினால் பதில் சொல்வார். இடது பக்கம் நின்றால் சொல்ல மாட்டார். மூன்றாம் நாள்தான் காரணம் புரிந்தது.

"இந்தக் காதுலதான் தம்பி ராடு வச்சுக் கேப்பேன்" என்றார். "ஒரு முனை பேரிங்ல, ஒரு முனை காதுல. வேற வேற மில்லு, முப்பது வருசம்."

இந்தியத் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு ஒலியின் வரம்பு 90 டெசிபல். இவரோ சத்தம் பிறக்கும் இடத்திலேயே காதைக் கொண்டுபோய் வைத்தவர்.

"கேட்டா தெரிஞ்சிடுமா அண்ணே?"

"கிரீஸ் இல்லன்னா காஞ்ச சத்தம் வரும். குண்டு தேஞ்சா டக்கு டக்குனு வரும்."

அவர் சொன்னதையேதான் எங்கள் கணக்கு எண்ணில் சொல்கிறது. பேரிங்கின் வெளி வளையம், உள் வளையம், குண்டு மூன்றும் பழுதானால் வெவ்வேறு தாளத்தில் தட்டும். தாளத்தை எண்ணினால் எது கெட்டது என்று பிரித்துவிடலாம்.

ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு ஐடி ஃபேனின் அதிர்வு நொடிக்கு 2.6 மில்லிமீட்டரிலிருந்து 6.8-க்குத் தாவியது. வரைபடத்தில் 16.5 ஹெர்ட்ஸில் ஒற்றைக் கோபுரம். ஃபேன் அப்போது நிமிடத்துக்கு 990 சுற்று, அதாவது நொடிக்குப் பதினாறரை. சுற்றுக்கு ஒரு தடவை உதைக்கிறது. அப்படியென்றால் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நைட் ஷிஃப்டில் இருந்த ஃபிட்டரிடம் காட்டினேன்.

"பிளேடுல படிஞ்ச தூசி ஒரு பக்கம் பேத்துக்கிட்டு விழுந்திருக்கும்" என்றார்.

கில்னுக்குப் போகும் மாவைக் குறைத்து ஃபேனின் வேகத்தைத் தணித்தார்கள். மறுநாள் நிறுத்தித் திறந்தபோது ஒரு பிளேடு மட்டும் பளபளவென்று இருந்தது. மற்றவற்றில் விரல்கனத்துக்குப் படிவு. சுரண்டிவிட்டு ஓட்டியதும் 1.9. அந்த இரவு ஃபேன் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை, ஒருவரும் ராடைக் காதில் வைக்கவில்லை.

ஆலை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். விலையுயர்ந்த மெஷின் எது என்று பார்த்து முதல் சென்சாரை வைக்காதீர்கள். உங்கள் ஃபிட்டர் எங்கே போய்க் காது கொடுக்கிறாரோ, அங்கே வையுங்கள்.