சாரசன் ஜெயித்த இடம்

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக்குப் போகும் தமிழர்கள் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகாமல் ஊர் திரும்புவதில்லை. 1977-ல் குடமுழுக்கு நடந்த கோயில். தரிசனம் முடித்து, கேன்டீனில் தோசை சாப்பிட்டு, கிஸ்ஸீனா சாலைக்கு வந்து க்யூ17 பஸ்ஸில் ஏறினேன். தங்கை மகன்தான் வழி சொல்லி அனுப்பினான். நான் எதைத் தேடிப் போகிறேன் என்று கேட்டதும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "மாமா, அங்கே வெறும் அப்பார்ட்மென்ட்தான் இருக்கு. கோல்ஃப் எல்லாம் ஒண்ணும் கிடையாது."

ஒன்றும் கிடையாது என்பது தெரிந்துதான் போனேன். பள்ளி நாட்களில் நூலகத்து விளையாட்டுப் புத்தகம் ஒன்றில் ஜீன் சாரசனைப் பற்றிப் படித்ததிலிருந்து ஃப்ரெஷ் மெடோ என்ற பெயர் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இத்தாலியிலிருந்து வந்த தச்சரின் மகன். எட்டு வயதில் பணக்காரர்களின் கோல்ஃப் பையைத் தூக்கும் கேடியாக வேலைக்குச் சேர்ந்தவர். மணல்குழியில் விழுந்த பந்தை எடுத்தடிக்க இன்று எல்லோரும் வைத்திருக்கும் 'சாண்ட் வெட்ஜ்' மட்டையை உருவாக்கிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1932 ஜூன் மாதம் யு.எஸ். ஓபன் போட்டி ஃப்ரெஷ் மெடோ கன்ட்ரி கிளப்பில் நடந்தது. ஃப்ளஷிங்கில் யு.எஸ். ஓபன் என்றால் இப்போது டென்னிஸ்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இது அதற்கு வெகு காலம் முந்திய கதை. அதே மாதம் பிரிட்டிஷ் ஓபனை வென்றுவிட்டு வந்திருந்தார் சாரசன். ஃப்ரெஷ் மெடோ அவர் சில ஆண்டுகள் பயிற்சியாளராக வேலை பார்த்த கிளப். அங்கே குழியைச் சுற்றியிருக்கும் கிரீன்கள் சின்னவை, மணல்குழிகள் நெருக்கியடித்தவை. அந்தப் பயத்திலேயே இரண்டு சுற்றுகளை அடக்கி ஆடிப் பின்தங்கினார். கடைசி நாளில், மூன்றாம் சுற்றின் பாதியில், பயத்தை உதறிவிட்டு அடிக்கத் தொடங்கினார். கடைசி 28 குழிகளை 100 அடிகளில் முடித்தார். கடைசிச் சுற்று 66. கோல்ஃப் வரலாற்றில் இதற்கு ஈடாகச் சொல்ல அதிகம் இல்லை.

188-வது தெருவில் இறங்கினேன். இரண்டு மூன்று மாடிச் செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக, நடுவே புல்வெளி, பெரிய பெரிய மரங்கள். நடைபாதைகள் நேராகப் போகாமல் வளைந்து போகின்றன. ஒரு புல்வெளி சட்டென்று மேடேறி, மறுபுறம் மெதுவாக இறங்கியது. கட்டுமானத்துக்காக மண்ணைக் கொட்டியதா, பழைய மைதானத்தின் மேடா என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆனாலும் அந்த மேட்டில் நின்று, எந்தப் பக்கம் அடித்தால் பந்து எங்கே உருளும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் போன சீனப் பெண்மணி ஒருவர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். சாரசன் பெயரில் ஒரு பலகையாவது இருக்கும் என்று தேடினேன். நான் நடந்த வழியில் எதுவும் கண்ணில் படவில்லை.

1946-ல் கிளப் இந்த நிலத்தை நியூயார்க் லைஃப் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு விற்றது. போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பிய நேரம், வீடு கிடைக்காமல் நகரமே தவித்தது. காப்பீட்டு நிறுவனங்களிடம் பிரீமியமாக வந்த பணம் குவிந்துகிடந்தது; அதற்கு நிலையான வாடகை வருமானம் வேண்டியிருந்தது. ஊருக்குள் இருக்கும் கோல்ஃப் மைதானத்தைப் போல ரியல் எஸ்டேட்காரருக்கு வசதியான நிலம் வேறு கிடையாது. நூறு பேரிடம் துண்டு துண்டாக வாங்க வேண்டாம். ஒரே பத்திரம், ஒரே கையெழுத்து. காடு வெட்ட வேண்டாம், வடிகால் போட்டிருக்கும், சாலைக்கு மிக அருகில் இருக்கும். நகரம் வளர வளரச் சொத்து வரி ஏறும். உறுப்பினர்களும் கார் வாங்கி இன்னும் தொலைவுக்கு வீடு மாறியிருப்பார்கள். ஃப்ரெஷ் மெடோ கிளப்பும் அப்படித்தான் கிழக்கே லேக் சக்ஸஸுக்குக் குடிபெயர்ந்து, லேக்வில் என்ற வேறொரு கிளப்பின் மைதானத்தை வாங்கிக்கொண்டது. பெயர் பிழைத்தது, மைதானம் பிழைக்கவில்லை.

கட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுமார் மூவாயிரம் குடும்பங்களுக்கு வீடு. கூடவே கடைவீதி, திரையரங்கம், ப்ளூமிங்டேல்ஸ் கடையின் கிளை. மைதானத்து மரங்களில் பலவற்றை வெட்டாமல் விட்டார்கள். நகரமைப்பு விமர்சகர் லூயிஸ் மம்ஃபோர்டு, எளிதில் எதையும் பாராட்டாதவர், 1949-ல் இதைப் பாராட்டி எழுதினார்.

ஆபத்து பிறகு வந்தது. 1972-ல் ஹாரி ஹெல்ம்ஸ்லி என்ற பெரும் சொத்து முதலாளி குடியிருப்பை வாங்கினார். வீடுகளுக்கு நடுவே இருந்த புல்வெளி அவருக்குக் கட்டிடம் எழும்பாத காலி மனையாகத் தெரிந்தது. கோபுரங்கள் எழுப்பத் திட்டம் போட்டார். குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். 1974-ல் நகர நிர்வாகம் இதைத் திட்டமிட்ட குடியிருப்புப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. நான் நின்ற மேடு கட்டிடத்துக்கு அடியில் போகாமல் இருப்பதற்கு அவர்கள்தான் காரணம். ஒரே நிலம் இரண்டு முறை விலை பேசப்பட்டது. முதல் முறை தடுக்க யாரும் இல்லை, கிளப் உறுப்பினர்களே விற்றவர்கள். இரண்டாம் முறை அங்கே வாழ்கிறவர்கள் இருந்தார்கள்.

அங்கிருந்து மேற்கே நடந்தால் போமனாக். 1939-ல் உலகக் கண்காட்சி ஃப்ளஷிங்கில் நடந்துகொண்டிருந்தபோது, போமனாக் கன்ட்ரி கிளப்பில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் நடந்தது. இறுதிப் போட்டி 36 குழிகளில் தீராமல் 37-வது குழிக்குப் போய், பைரன் நெல்சனை ஹென்றி பிக்கார்டு வென்றார். பத்தாண்டு கழித்து நிலம் கைமாறியது. ஒரு பகுதியில் நகர வீட்டுவசதி ஆணையம் போமனாக் ஹவுஸஸைக் கட்டியது. இன்னொரு பகுதியில் மின் தொழிலாளர் சங்கத்தின் முயற்சியில் எலெக்செஸ்டர் எழுந்தது.

இங்கே எனக்கு மைதானத்துக்காக வருத்தப்பட மனம் வரவில்லை. 1939-ல் அங்கே ஆடியவர்களின் சங்கமான பி.ஜி.ஏ., வெள்ளையர்களுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று 1934-ல் தன் விதிகளிலேயே எழுதி வைத்திருந்தது. அந்த வரியை நீக்க 1961 வரை ஆனது. எலெக்செஸ்டரில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த கறுப்பினப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன். இங்கே கோல்ஃப் மைதானம் இருந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. "இருந்திருந்தால் இந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். தலையாட்டிவிட்டு, மறுபடி செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

குவீன்ஸில் இப்படிக் காணாமல் போனவை இன்னும் உண்டு. செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழக வளாகம் ஹில்க்ரெஸ்ட் கோல்ஃப் கிளப்பின் நிலம். செயின்ட் ஆல்பன்ஸ் மைதானம் போர்க்காலத்தில் கடற்படை மருத்துவமனை ஆனது. பேசைடில் ஓக்லாந்து கிளப் இருந்த இடத்தில் சமுதாயக் கல்லூரி; பழைய கிளப் கட்டிடம் மட்டும் கல்லூரியின் ஓவியக்கூடமாக நிற்கிறது. கல்லூரியும் மருத்துவமனையும் வந்தால் யார் என்ன சொல்ல முடியும்?

சாயங்காலம் கிஸ்ஸீனா பூங்காவின் கோல்ஃப் மைதானத்துக்கு வந்தேன். ஃப்ரெஷ் மெடோவிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். சின்ன மைதானம், மேடும் பள்ளமுமாக. கொரியத் தாத்தாக்கள் மூன்று பேர் தாங்களே பையை இழுத்துக்கொண்டு மேடேறினார்கள். எந்தப் பெரிய போட்டியும் இங்கே நடந்ததில்லை. ஆனால் இது நகரப் பூங்கா நிலம். நியூயார்க்கில் பூங்கா நிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்க வேண்டுமானால் மாநில சட்டமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும். கிளப் நிர்வாகக் குழு கூடிக் கையெழுத்துப் போட்டு விற்றுவிட முடியாது.

மறுநாள் விடியும் முன்பே தங்கை மகனை எழுப்பி பெத்பேஜுக்குக் காரில் போனோம். லாங் ஐலண்டின் நடுவே, மாநிலப் பூங்காவுக்குள் ஐந்து மைதானங்கள். அங்கேயும் முதலில் லெனாக்ஸ் ஹில்ஸ் என்ற தனியார் கிளப்தான் இருந்தது. 1930களின் பஞ்சகாலத்தில் மாநிலம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டு, வேலையிழந்தவர்களைக் கொண்டு புது மைதானங்கள் போட்டது. அவற்றில் 'பிளாக்' எனப்படுவது 1936-ல் திறக்கப்பட்டது. அதை உருவாக்க அழைத்து வரப்பட்டவர் ஏ.டபிள்யூ. டில்லிங்ஹாஸ்ட். ஃப்ரெஷ் மெடோவை வடிவமைத்தவரும் அவரேதான்!

ஒரே மனிதர் கைப்பட, ஒரே தீவில், பத்தாண்டுக்குச் சற்று மேலான இடைவெளியில் உருவான இரண்டு மைதானங்கள். தனியாரிடம் இருந்தது கால் நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை. பொதுச் சொத்தான பிளாக்கில் 2002-ல் யு.எஸ். ஓபன் நடந்து டைகர் வுட்ஸ் வென்றார். 2009-ல் மறுபடியும் நடந்தது. லாங் ஐலண்டில் நிலத்தின் விலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், இந்த நிலம் விற்பனைக்கு வந்தால் ஒரே நாளில் போய்விடும்.

வாகன நிறுத்தத்தில் எண் போட்ட கட்டங்களில் கார்கள் நின்றன. முந்தின இரவே வந்து, காரிலேயே தூங்கி, விடிந்ததும் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கக் காத்திருப்பவர்கள். ஒரு காரின் பின்சீட்டில் போர்வையோடு அப்பாவும் பிள்ளையும். அப்பா பிரான்க்ஸில் பஸ் ஓட்டுகிறாராம். பையனின் பிறந்தநாளுக்கு பிளாக்கில் ஆட வேண்டும் என்று வந்திருக்கிறார்கள்.

"இதுக்கு மெம்பர்ஷிப் எல்லாம் வேண்டாமா மாமா?" என்று தங்கை மகன் கேட்டான்.

வேண்டாம் என்றேன். எவ்வளவு கட்டணம் என்று அவனே டிக்கெட் ஜன்னலுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான்.