குதிகால் தரையில் பட

பிளான்டயர், மே 14

சோள அறுவடை முடிந்துவிட்டது. வார்டு நிரம்பத் தொடங்கிவிட்டது. தெற்கு மலாவியில் நவம்பரில் மழை விழுந்ததும் விதைப்பு, பிறகு களையெடுப்பு, பிறகு காவல். சோளம் வீடு வந்து சேரும்வரை எந்தத் தாயாலும் நிலத்தை விட்டு நகர முடியாது. பிள்ளையின் கால் எத்தனை கோணலாக இருந்தாலும் மருத்துவமனைக்கு மே மாதம்தான் வழி.

இன்று வந்த சிறுமி பலோம்பே மாவட்டத்துக்காரி. ஒன்பது வயது. கபாசா என்கிற சைக்கிள் டாக்ஸியின் பின்னால் உட்கார்ந்து தார்ச்சாலைவரை, அங்கிருந்து மினிபஸ், லிம்பேயில் இறங்கி இன்னொரு மினிபஸ். வலது கால் பிறவி வளைபாதம். பாதம் உட்பக்கமாகச் சுருண்டு, உள்ளங்கால் பின்னால் திரும்பியிருந்தது. மேல்பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றியே இத்தனை வருடம் நடந்திருக்கிறாள். அந்த இடத்தில் பெரிய காய்ப்பு. விரலால் தட்டினால் மரப்பட்டையைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. காய்ப்பின் நடுவில் ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள் கழுவியும் போகாத செம்மண்.

நான் குனிந்ததும் சிறுமி, அம்மா உடுத்தியிருந்த சித்தெஞ்சேத் துணியின் முனையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். வலிக்குமா என்று கேட்டேன். "ஓடும்போது மட்டும்" என்றாள்.

இந்தக் காலோடு ஓடுகிறாள்!

மே 15

இரவெல்லாம் அந்தக் காய்ப்புதான் நினைவில். பிறந்த சில வாரங்களுக்குள் யாராவது கவனித்திருந்தால் இவளுக்குப் பெரிய ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காது. பொன்செட்டி முறையில், வாரத்துக்கு ஒருமுறை குழந்தையின் பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி, தொடைவரை மாவுக்கட்டுப் போடுகிறோம். ஐந்தாறு கட்டுக்குள் பாதம் நேராகிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசியில் குதிகால் தசைநாணில் சின்னக் கத்தியால் ஒரு வெட்டு. சில நிமிட வேலை. மூன்று வாரம் இன்னொரு கட்டு. அதன்பின் கம்பியின் இரு முனையிலும் ஷூ பொருத்திய பிரேஸ். முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுக்க, பிறகு நாலைந்து வயதுவரை தூங்கும்போது மட்டும்.

இக்னாசியோ பொன்செட்டி ஸ்பெயின்காரர். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, தோற்ற பக்கத்தில் இருந்ததால் நாட்டை விட்டு வெளியேறி, மெக்சிகோ வழியாக அமெரிக்காவின் அயோவாவுக்குப் போய்ச் சேர்ந்தவர். தன் முறையின் பலனை 1963-இல் எழுதி வெளியிட்டார். மற்ற மருத்துவர்கள் காதுகொடுக்க 1990-கள் ஆகிவிட்டது. அதுவரை உலகமெங்கும் சின்னஞ்சிறு பாதங்களைக் கீறித் திறந்துகொண்டிருந்தார்கள். அப்படித் திறந்த பாதங்கள் பல, வளர்ந்தபின் விறைத்து வலித்தன.

மாவும் பஞ்சும் பழகிய கையும் இருந்தால் போதும் என்பதால் மலாவிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிற முறை. இங்கே எலும்பு மருத்துவர்கள் மிகக் குறைவு. கட்டுப்போடுவதெல்லாம் எலும்பியல் கிளினிக்கல் ஆபீசர்கள். டாக்டர் பட்டம் இல்லாத இவர்களை 1985 முதல் இந்த நாடு பயிற்றுவித்து மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. 2007-இல் வளைபாதத்துக்கென்றே தேசியத் திட்டமும் தொடங்கியாயிற்று.

அப்படியும் இவள் தவறிப்போனாள். பிரசவம் ஆன இடத்தில் பாதத்தை யாரும் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தார் சூனியம் என்றார்கள். பிறகு ஊருக்கு வந்த ஒரு சுகாதாரப் பணியாளர் இதற்கு வைத்தியம் உண்டு என்று சொல்லியிருக்கிறார். பஸ் கட்டணத்துக்குக் காசு சேர்த்துவைத்தார்கள். 2023 மார்ச்சில் பிரெடி புயல் வந்தது. வீட்டோடு அந்தக் காசும் போயிற்று.

மே 19

ஆபரேஷனுக்கு அம்மா சம்மதித்துவிட்டார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. அவருடைய அண்ணனிடம் கேட்க வேண்டுமாம். இந்தப் பக்கத்து லோம்வே மக்களிடம் குடும்பம் தாய்வழி. பிள்ளைகள் காரியத்தில் தாய்மாமன் சொல்தான் சொல். எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போனில் பிடித்தோம். மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலை எடுத்துவிட மாட்டீர்களே?" மாட்டோம் என்று சர்ஜனே பேசினார். சம்மதம் கிடைத்தது.

முதல் மாவுக்கட்டு இன்றே போட்டாயிற்று. ஒன்பது வயதில் கட்டு மட்டும் போதாது. ஆனால் இரண்டு வாரத்துக்கொரு கட்டாக மாற்றிக்கொண்டே போனால் பாதம் இளகும்; கத்திக்கு வேலை குறையும்.

ஜூலை 1

சிப்பெரோனி வானிலை. மூன்று நாளாக மெல்லிய தூறலும் குளிரும். துணைக்கு வந்திருக்கும் தாய்மார்கள் கொட்டகையில் ஈர விறகை ஊதி ஊதி ந்சீமா என்கிற சோளக்களி கிண்டுகிறார்கள். நோயாளிக்குத் துணை வந்தவர்தான் சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும். அவருக்கு மாவும் விறகும் இல்லாமல் எந்தக் குழந்தையும் இங்கே படுத்திருக்க முடியாது. எந்த நன்கொடைப் பட்டியலிலும் இந்த விறகு இல்லை.

நாளை ஆபரேஷன், மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. பணம் கொடுக்கும் அமைப்பிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார். சிறுமி வெறுங்காலில் நடப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்றார். அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அம்மா அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். அந்தக் கையில் நடுக்கம். மறுத்தால் ஆபரேஷன் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நாளை ஆபரேஷன் உண்டு என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வெளியே வந்து அந்த மனிதரிடமும் அதையே சொன்னேன்.

நன்கொடையை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2002-இல் இங்கே திறந்த பெயிட் கியூர் மருத்துவமனையில், மூட்டு மாற்றிக்கொள்ளும் வசதியுள்ளவர்கள் கட்டும் பணம் ஏழைக் குழந்தைகளின் இலவச ஆபரேஷனுக்குக் கைகொடுத்து வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் முகம் தெரியாத யாரோ தூரதேசத்திலிருந்து அனுப்பும் பணம் இல்லாமல் அதுகூட ஓடாது. ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு குழந்தையின் வெட்கம் விலையாகக் கூடாது.

ஜூலை 2

முடிந்தது. குதிகால் தசைநாணை நீட்டி, பின்பக்க இறுக்கத்தைத் தளர்த்தி, பாதத்தை உள்ளே இழுக்கும் ஒரு தசைநாணை வெளிப்பக்கம் மாற்றித் தைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் கட்டு.

ஆகஸ்ட் 13

கட்டைப் பிரித்தோம். ரம்பச் சத்தத்துக்கு அழுதாள். உள்ளே கெண்டைக்கால் குச்சியாக மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்தது. தன் காலின் நாற்றத்துக்கு அவளே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நடக்கப் பழக்கும் என் வேலை இனிதான். குதிகாலை ஊன்ற அவளுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து ஊன்றியதே இல்லை. அந்தத் தோல் கைக்குழந்தையின் தோல்போல இருக்கிறது, தரை கூசுகிறது. இணைகம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பழைய பழக்கத்தில் பாதத்தின் ஓரத்தையே தேடினாள்.

ஆகஸ்ட் 25

உள்ளங்காலைத் தண்ணீரில் நனைத்து சிமென்ட் தரையில் நடக்கச் சொல்கிறோம். போன வாரம் விரல்களும் வெளி ஓரமும் மட்டும் பதிந்தன. இன்று காலை நாலாவது தடத்தில் பின்னால் ஒரு வட்டம். குதிகால்! அது காய்ந்துபோவதற்குள் அம்மாவைக் கூப்பிடு என்று என்னையே விரட்டினாள்.

செப்டம்பர் 5

பள்ளி திறக்கிறது. நாளை ஊருக்குப் போகிறாள். பிளாஸ்டிக் பிரேஸும் அதன்மேல் போட்டுக்கொள்ள ஒரு நம்பர் பெரிய ஷூவும் கொடுத்திருக்கிறோம். எப்படிக் கட்டுவது, தோல் சிவந்தால் என்ன செய்வது எல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. பக்கத்துக் கட்டில்காரிக்கே அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

நன்கொடையாளருக்கு அறிக்கை எழுதும் படிவத்தில் ஆபரேஷன் தேதிக்கு ஒரு கட்டம், முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம். அவ்வளவுதான். பாதம் வளரும், பிரேஸ் சிறிதாகிவிடும், போடாமல் விட்டால் கால் மறுபடி சுருளப் பார்க்கும். அதற்கு அங்கே இடமில்லை. ஆகவே தனித்தாளில் எழுதினேன். மழைக்கு முன், அக்டோபர் கடைசியில் மறுபரிசோதனை: இருவருக்குப் போகவரக் கபாசா, மினிபஸ் கட்டணம், இரண்டு நாள் மாவும் விறகும். அடுத்த ஆண்டு புது பிரேஸ், அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று. இன்றே ஒரு வளைபாதக் குழந்தை பலோம்பேயில் பிறந்தால் அதற்கு வேண்டிய மாவுக்கட்டுகளின் செலவையும் கீழே சேர்த்தேன். ஆபரேஷன் தொகைக்குப் பக்கத்தில் வைத்து அவர் பார்க்கட்டும்.

படங்களுக்கான இடம் காலியாகவே இருக்கிறது; சிறுமி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தாளைக் கணக்குப் பிரிவில் கொடுத்தாயிற்று. தேதி நெருங்கும்போது கூப்பிட வேண்டிய மாமாவின் கைபேசி எண், கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது.