முதலில் கையை அளக்க வேண்டும்

பெரம்பூரில் ஒரு வீட்டின் மொட்டைமாடி. ஷீட் கூரை போட்ட அறைக்குள் நுழைந்தால், சுவர் முழுக்கச் சார்ட் பேப்பரில் வெட்டிய முன்கைகளின் வடிவங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதிய எண்கள்: மணிக்கட்டின் சுற்றளவு, முழங்கைக்குக் கீழே சுற்றளவு, கை தளர்ந்திருக்கும்போது எவ்வளவு, முஷ்டி பிடிக்கும்போது எவ்வளவு. காமிக்ஸ் நாயகர்கள் அணியும் கருவிகளை இங்கே மூன்று பேர் கையாலேயே செய்கிறார்கள். ஸ்பைடர்மேனின் வலை எறியும் கருவி, அயர்ன்மேனின் கையுறை, மார்பில் ஒளிரும் வட்டம். 2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முறையாகக் காமிக் கான் என்னும் காமிக்ஸ் ரசிகர் விழா நடந்தபின், இவர்களைத் தேடி வருவோர் கூடியிருக்கிறார்கள். கல்லூரி விழாக்காரர்களும் குறும்படம் எடுப்பவர்களும் வருகிறார்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேட்டு வரும் பெற்றோரும் உண்டு.

மூவரில் ஒருவர் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்த பெண். இன்னொருவர் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறார். மாலையில்தான் இங்கு வருவார். மூன்றாமவர் சினிமா கலைத்துறையில் உதவியாளராக இருந்தவர். ஃபோமும் பெயின்ட்டும் அவர் பொறுப்பு.

“எல்லாரையும் விட்டுட்டு ஏன் ஸ்பைடர்மேன்?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“மத்தவங்க சக்தியைச் செய்ய முடியாது சார். வலை மட்டும் அவரே வீட்ல உக்காந்து பண்ணது. சிலந்தி கடிச்சது அதிர்ஷ்டம், இது படிப்பு” என்றார்.

உண்மைதான். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962 ஆகஸ்ட் மாத இதழில் ஸ்பைடர்மேனை அறிமுகப்படுத்தியபோதே, வலை அவனுடைய உடலிலிருந்து வரவில்லை. பள்ளியில் படிக்கும் பையன், தானே கலந்த திரவத்தை, தானே செய்த கருவியில் அடைத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறான். 2002-இல் வந்த திரைப்படம் இதை மாற்றி, வலை உடலிலேயே சுரப்பதாகக் காட்டியது. 2012-இல் வந்த படத்தில் கருவி மீண்டும் மணிக்கட்டுக்கு வந்தது. இந்த அறையில் இருப்பவர்களுக்கு முன்மாதிரி அந்தப் பையன்தான்.

வேலை எப்படித் தொடங்குகிறது என்று காட்டினார்கள். அணியப்போகிறவரின் முன்கையில் சமையலறையில் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றுகிறார்கள். அதன்மேல் மாஸ்கிங் டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்டுகிறார்கள். டேப்பின் மேல் பேனாவால் கோடு போட்டு, எலும்பு துருத்தும் இடங்களைக் குறித்து, கோட்டோடு வெட்டிக் கழற்றினால் கையின் தோலையே உரித்து எடுத்த மாதிரி ஓர் உறை வருகிறது. அதைத் தட்டையாக விரித்துச் சார்ட் பேப்பரில் வரைந்தவைதான் சுவரில் தொங்குகின்றன. அந்த வடிவத்தில் ஃபோம் ஷீட்டை வெட்டி, ஹீட் கன்னால் சுட வைத்து, சூடு ஆறுவதற்குள் தொடைமேல் வைத்து வளைக்கிறார்கள். ஒட்டும்போது இரு பக்கமும் ரப்பர் பசை தடவிக் காத்திருக்க வேண்டும். விரலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் சேர்த்தால் ஒரே பிடி. தப்பாக வைத்தால் பிரிக்க முடியாது. பசையின் நெடி மூடிய அறையில் தலையைச் சுற்ற வைக்கும். முகக்கவசமும் புகைபோக்கி ஃபேனும் இல்லாமல் இவர்கள் அந்த டப்பாவைத் திறப்பதில்லை.

கருவியின் உள்ளே இருப்பவை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியவை: ஆர்டுயினோ நானோ என்னும் குட்டிக் கட்டுப்பாட்டுப் பலகை, ஒன்பது கிராம் எடையுள்ள சின்ன சர்வோ மோட்டார், கியர் மோட்டார், லித்தியம் செல், சுவிட்சு. ஸ்பிரிங் ஒன்று பஞ்சு முனை வைத்த குச்சியை நைலான் நூலோடு தள்ளுகிறது. சர்வோ அந்த ஸ்பிரிங்கின் கொக்கியை விடுவிக்கிறது. கியர் மோட்டார் நூலைத் திரும்பச் சுருட்டுகிறது. எனக்குக் காட்டியபோது குச்சி எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டு நூலோடு திரும்பி வந்தது. ஆள் முகத்துக்கு நேராகக் கையை நீட்டக்கூடாது என்பது அந்த அறையின் முதல் சட்டம்.

காமிக்ஸில் நடு விரல்கள் இரண்டால் உள்ளங்கையை இருமுறை தட்டினால்தான் வலை பாயும். எதையாவது இறுக்கிப் பிடித்தாலோ குத்துவிட முஷ்டியை மடக்கினாலோ தவறிப் பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இவர்களும் அப்படியே நிரல் எழுதியிருக்கிறார்கள். அரை நொடிக்குள் இரண்டு முறை சுவிட்சு அமுங்கினால் மட்டும் சர்வோ அசையும்.

“இதில் தொங்க முடியுமா?” என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லையாம். அந்தப் பெண் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். கயிற்றைக் கிடைமட்டமாகப் பிடித்தபடி ஒருவர் ஊசலாடக் குதித்தால், கீழே வரும் கணத்தில் கயிற்றின் இழுவிசை அவருடைய எடையைப்போல் மூன்று மடங்கு. அறுபது கிலோ உடம்புக்கு நூற்று எண்பது கிலோ பாரம், ஒற்றை மணிக்கட்டில். “கயிறு தாங்கும் சார். கை தாங்காது” என்றார். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் பட்டுப்புழுக் கூட்டின் புரதத்திலிருந்து ஒரு திரவம் செய்தார்கள். அது ஊசியிலிருந்து பாய்ந்ததும் இழையாக இறுகி, பொருள்களில் ஒட்டி, தன் எடையைப்போல் எண்பது மடங்குக்கும் மேல் தூக்கியது. ஆக, வலைக்கே ஆய்வகத்தில் வழி பிறந்துவிட்டது. அதைக் கட்டிக்கொள்ளும் கைதான் பழைய கை.

இந்தத் தொழிலின் சாரம் அங்கேதான் இருக்கிறது. மேசைமேல் ஓடும் ஒரு கருவியைச் செய்வது பாதி வேலைகூட இல்லை. முதலில் இவர்கள் செல்லை மணிக்கட்டுக்கு அருகில் வைத்திருந்தார்கள். சுமார் நாற்பத்தைந்து கிராம்தான். ஆனால் தோளிலிருந்து தள்ளி இருக்கும் சுமை நேரம் ஆக ஆகக் கனக்கும். இப்போது செல் இடுப்புப் பட்டைக்குப் போய்விட்டது. ஒயர் முழங்கை மடிப்பில் ஒடிந்துகொண்டே இருந்தது. சிலிகோன் உறை போட்ட மெல்லிழை ஒயரை அங்கே கொஞ்சம் தளர்வாக வளைத்து விட்டார்கள். த்ரீடி பிரிண்டரில் பிஎல்ஏ இழையால் செய்த உறைகள் அறுபது டிகிரி சூட்டிலேயே இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கோணிப்போகும். அதனால் கூடுதல் சூடு தாங்கும் பெட்ஜி இழைக்கு மாறினார்கள். சென்னையின் வியர்வை பசையை விடுவிக்கிறது, சாலிடர் முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கிறது. உள்பக்கம் பருத்தித் துணி, காற்றுப் போகத் துளைகள். காமிக்ஸ் கட்டங்களில் யாருக்கும் வியர்ப்பதில்லை.

கருவியைக் கையில் கட்டும் பட்டை வாங்கப் பெரியமேட்டுக்கு அவர்களோடு நானும் போனேன். தோல் கடையில் வயதான பாய் ஒருவர் காகித வடிவத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“வாட்ச் பெல்ட் கணக்குல வெட்டினா ஆகாது தம்பி. கையை மடக்கினா சதை பொடைக்கும். அதுக்கு இடம் விடணும். இல்லேன்னா கொஞ்ச நேரத்துல விரல் மரத்துப் போகும்.”

“எவ்வளவு விடணும் பாய்?”

“முஷ்டி புடிக்கச் சொல்லி அளந்தியா?”

சுவரில் இருந்த இரண்டாவது எண்ணின் காரணம் எனக்கு அங்கே விளங்கியது. பட்டையின் உள்விளிம்பை அவர் சீவி மழுங்கடித்தார். தோலை உராயும் விளிம்பு எதுவோ அங்கேதான் புண் வரும் என்றார்.

தமிழ் வாசகனுக்கு இந்த இடத்தில் ஒரு முகம் நினைவுக்கு வராமல் போகாது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் இதழின் நாயகன், இரும்புக்கை மாயாவி. 1962-இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தோன்றிய லூயிஸ் கிராண்டல்தான் அவர். ஆய்வக விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் தெரியும். நம்மில் எத்தனையோ பேர் வியந்து படித்த அந்தச் சாகசக் கருவி, அடிப்படையில் ஒரு செயற்கைக் கை.

கதையிலிருந்து உண்மைக்கு வந்த கையும் உண்டு. 2011-இல் அமெரிக்காவில் ஐவன் ஓவன் என்பவர் வேடமணிவோர் கூடும் ஒரு விழாவுக்காக, விரல் மடங்கும் பெரிய இயந்திரக் கை ஒன்றைச் செய்து அணிந்தார். அதைப் பார்த்துத் தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ் அவரைத் தொடர்புகொண்டார். ரம்பத்தில் விரல்களை இழந்தவர் அவர். இருவரும் சேர்ந்து உருவாக்கிய வடிவம், விரல்களின்றிப் பிறந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கையானது. காப்புரிமை கோராமல் அதை வெளியிட்டார்கள். அதிலிருந்து கிளைத்த ஈநேபிள் தன்னார்வலர்கள் பல நாடுகளில் குழந்தைகளுக்குக் கைகளை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் ஓப்பன் பயானிக்ஸ் நிறுவனம் 2018-இல் அறிமுகப்படுத்திய ஹீரோ ஆர்ம் என்னும் செயற்கைக் கைக்குக் காமிக்ஸ் நாயகர் வடிவ உறைகளும் உண்டு. ஊனத்தை மறைக்காமல், பெருமையோடு நீட்டிக் காட்டும் கை அது.

பெரம்பூர் அறையில் நான் கண்ட சிக்கல்கள் செயற்கைக் கை அணிபவர்களுடையவையும்தான். செயற்கைக் கை கிடைத்தும் பலர் அதைக் கழற்றி வைத்துவிடுவதற்குச் சொல்லும் காரணங்கள் எடை, வெப்பம், வியர்வை, உராய்வு. விழாவில் ஒரு பகல் முழுக்க அணிய வேண்டிய கருவிக்காக இந்த மூவரும் தீர்த்துக்கொண்டிருப்பது அதே நான்கு கேள்விகளை. ஆனால் அவர்களிடம் வருகிறவர்கள் இணையக் கடையின் பொம்மை விலையைக் காட்டிப் பேரம் பேசுகிறார்கள். அளவெடுத்த நேரத்துக்கும், பிரித்துப் பிரித்துச் சேர்த்த உழைப்புக்கும் யாரும் கூலி கணக்கிடுவதில்லை.

இதே சென்னையில் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. செயற்கை உறுப்புகள் செய்யும் கூடமும் அங்கே உண்டு. பெரம்பூரிலிருந்து அங்கே போகும் வழியை யாராவது இந்த இளைஞர்களுக்குக் காட்ட வேண்டும். பாலிடெக்னிக்குகள் தங்கள் பட்டறைகளை மாலையில் திறந்துவிடலாம். உறுப்புப் பொருத்தும் வல்லுநர்கள் ஒரு நாள் வந்து இந்தச் சுவரிலுள்ள காகிதக் கைகளைப் பார்க்கலாம். உடலுக்கு ஏற்றபடி கருவியை மாற்ற வேண்டும், கருவிக்கு ஏற்றபடி உடலை மாற்ற முடியாது என்ற பாடத்தை இவர்கள் காசு செலவழித்துத் தாங்களே கற்றிருக்கிறார்கள். நாயகனுக்காகக் கற்ற அந்த வித்தை, கை இல்லாத ஒரு பிள்ளைக்குப் பயன்பட இன்னும் தேவைப்படுவது கொஞ்சம் பயிற்சியும், நம்பி வேலை தரும் சிலரும்தான்.