ஒட்டிய பால்

புதிய வாழ்வு என்றாலே நமக்கு ஈஸ்டர் ஞாயிறுதான். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு அது தினசரி வேலை. நேற்றைய கோட்டில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்துவிட்டுத்தான் புதிதாக வெட்டுவார். “மனசும் அப்படித்தான்யா” என்பார்.

கூட்டுப் பணத்தில் ஏமாற்றிய பக்கத்து வீட்டம்மாவுக்குத்தான் விடிகாலைப் பெரட்டில் அவருடைய முதல் வணக்கம். பணம் வரவில்லை. கோபம் தினமும் வந்தது, தினமும் உரித்தார்.

ஞானஸ்நானம் பெற்றவர்கள் புதிய வாழ்வில் நடக்க வேண்டும் என்று ரோமர் 6-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். நடை என்ன, ஒரே எட்டில் முடிகிற காரியமா? காலை நிகழ்ச்சிக்காகச் சிரம்பானிலிருந்து இருட்டில் காரோட்டும்போது, முந்தின நாள் அலுவலகச் சண்டையை நானும் உரித்துப் பார்க்கிறேன். பாதிதான் வருகிறது.

பாட்டியும் வணக்கம் சொன்னாரே தவிர, அந்தம்மா பிடித்த அடுத்த கூட்டில் சேரவில்லை.