கைலிக்குள் கரடி

பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கும் ஜோகூர் பாருவில் குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது மழையும், 2006 டிசம்பரில் கண்டதுபோல் சில ஆண்டுகளில் பெருவெள்ளமும்தான். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1978இல் கேமரன் மலையில் பதிவான 7.8 டிகிரி செல்சியஸ். ஆகவே, சாதாரணப் பள்ளிகளுக்குள் நடக்கும் சிறப்புக் கல்வி வகுப்புகளில் பனிக்கதை சொல்லப் படம் மட்டும் போதாது. படத்தில் வெள்ளையாகக் கிடப்பது சின்னப் பிள்ளைக்கு மாவாகவோ பஞ்சாகவோ தெரியும். முதலில் கைக்குக் குளிர வேண்டும்.

அதற்கு ஐஸ் கச்சாங் என்னும் குளிர் இனிப்பு செய்யச் சீவும் ஐஸே போதும். தட்டில் குவித்துத் தொடலாம், உருட்டலாம், உருகுவதைப் பார்க்கலாம். சிரப்பை மட்டும் ஊற்றிவிடக் கூடாது. கதை அங்கேயே முடிந்துவிடும். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு அந்தச் சில்லிப்பு வலியாகவே படும். அவர்கள் முதலில் பார்த்தால் போதும்; பிறகு துண்டில் சுற்றித் தரலாம்.

கதைக்கு உக்ரைன் நாட்டுப்புறக் கதையான 'கையுறை' பொருந்தும். பனியில் விழுந்த கையுறைக்குள் எலி, தவளை, முயல் என ஒவ்வொன்றாக ஒதுங்க, கடைசியில் கரடியும் நுழைகிறது; நாய் குரைத்ததும் எல்லாம் சிதறி ஓடுகின்றன. ஜான் பிரெட் 1989இல் வெளியிட்ட படநூலில் கரடியின் தும்மல்தான் அவற்றைச் சிதறடிக்கிறது. ஒவ்வொரு விலங்கும் வரும்போது அதே கேள்வி, அதே பதில். முயலிடம் தவறவிட்ட சொல்லைப் பிள்ளை நரியிடம் பிடித்துக்கொள்ளலாம். கையுறையைப் பார்த்திராத வகுப்பில் மூட்டிய கைலி ஒன்று போதும். பிள்ளைகளே உள்ளே நுழையலாம். கரடிக்கும் வெளிநாடு போகத் தேவையில்லை: ஜோகூரின் எண்டாவ் ரொம்பின் காட்டில் சூரியக் கரடி உண்டு.

பனியை மழையாக மாற்றிச் சொல்வது எளிது. ஆனால் மழைக்கு ஒதுங்குவது வேறு, சூட்டுக்காக ஒண்டிக்கொள்வது வேறு. இந்தக் கதையின் உயிர் அந்த நெருக்கத்தில் இருக்கிறது.

நாய் குரைக்கப் போவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திடீர்ச் சத்தத்தில் மிரளும் பிள்ளைகள் உண்டு. ஒரே கதையை அதே சொற்களில் பல நாள் சொல்லவும் வேண்டும். சலிப்பு பெரும்பாலும் ஆசிரியருக்குத்தான் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே எழுதப்படும் கல்வித் திட்டத்தில் இலக்குகளும் வேறுபடும்: ஒருவனுக்கு விலங்கு அட்டைகளை வரிசைப்படுத்துவது, ஒருத்திக்குக் "குளிருது" என்று சொல்வது, இன்னொருவனுக்கு அடுத்த பிள்ளையின் தோள் உரசினாலும் கைலியைவிட்டு ஓடாமல் இருப்பது.