முப்பத்திநாலு சீட்டு

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம்ங்கிறது வழக்கமான சாக்கு, அதையே இந்த முறையும் வச்சுக்குங்க :-)

நான் இருக்கிற ஊர் கிரிஃபித். ஆஸ்திரேலியான்னதும் சிட்னி ஓபரா ஹவுஸ் பக்கத்துல வீடுன்னு சொந்தக்காரங்க நினைச்சுக்கிறாங்க. சிட்னிக்கும் எங்க ஊருக்கும் சுமார் 570 கிலோமீட்டர். கார்ல போனா ஆறு மணி நேரத்துக்கு மேல. ரயில் உண்டு, ஆனா தினசரி கிடையாது. ஆரஞ்சுத் தோட்டம், திராட்சைத் தோட்டம், நெல் வயல், இத்தாலியக்காரங்க, பஞ்சாபிக்காரங்க... இதுதான் ஊர். 2008-ல நாட்டுப்புறத்துல வேலை பார்க்கணும்ங்கிற விசாவில் வந்தேன். கணக்கு எழுதுற வேலை. ரெண்டு வருஷத்துல சிட்னிக்கு ஓடிடலாம்னு தான் வந்தேன், இன்னும் இங்கேயே தான் இருக்கேன்.

வந்த புதுசுல முதன்முதலா இங்கிருந்து சிட்னிக்கு ரெக்ஸ் விமானத்தில் போனேன். ரீஜனல் எக்ஸ்பிரஸ் என்பதன் சுருக்கம். இறங்கினதும் கும்பகோணத்துக்கு அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். கிராமங்களைச் சுத்தி வர்ற ரூட்டு. அவர் கேட்ட முதல் கேள்வி "பத்திரமா போனியா" இல்ல.

"எத்தனை சீட்டுடா?"

"முப்பத்திநாலுப்பா. ரெண்டு பக்கமும் காத்தாடி வச்ச விமானம். இந்தப் பக்கம் ஒத்த சீட்டு, அந்தப் பக்கம் ரெட்டை சீட்டு."

"டிரைவர் எத்தனை பேரு?"

"ரெண்டு பேர். பணிப்பெண் ஒருத்தங்க."

"நிக்கிற ஆளு கிடையாது இல்ல? அப்போ பொங்கலுக்குக் கூட முப்பத்திநாலு டிக்கெட் தான்" என்று கவலையோடு சொன்னார். அந்தக் கம்பெனியில் அவருக்கு என்னமோ பங்கு இருக்கிற மாதிரி.

அதுக்கப்புறம் ஒவ்வொரு முறை போன்ல பேசும்போதும் "இன்னைக்கு எத்தனை பேரு ஏறுனாங்க" என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்றதுக்காகவே நான் ரெக்ஸ் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

கதை 2001 செப்டம்பர்ல தொடங்குது. ஆன்செட்னு ஆஸ்திரேலியாவின் ரெண்டாவது பெரிய விமான நிறுவனம். ரெஜ் ஆன்செட் என்பவர் 1936-ல் விக்டோரியாவின் ஹாமில்டன் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரே ஒரு விமானத்தோடு ஆரம்பிச்சது. 65 வருஷம் ஓடி, கிட்டத்தட்ட 16,000 பேர் வேலை பார்த்த அந்த நிறுவனம் ஒரே வாரத்துல படுத்துடுச்சு. அதோட குடைக்குள்ள ரெண்டு குட்டி விமான நிறுவனங்கள் இருந்துச்சு. ஒண்ணு ஹேசல்டன், இன்னொண்ணு கெண்டல்.

இந்த ரெண்டு குட்டிகளின் கதையும் சுவாரசியமானது. மாக்ஸ் ஹேசல்டன் 1953-ல் ஆரஞ்சு ஊருக்குப் பக்கத்துல ஒரு விமானத்தை வச்சுக்கிட்டு ஆரம்பிச்சவர். பயிருக்கு மருந்து தெளிக்கிறது, வாடகைக்கு ஓட்டுறதுன்னு கிடைச்ச வேலையெல்லாம் செஞ்சார். 1954-ல் மோசமான வானிலையில் மலைக்காட்டுல விமானம் விழுந்து, செத்துட்டார்னே ஊர் முடிவு பண்ணிடுச்சு. ஆறு நாள் நடந்தே வெளியே வந்தார் மனுஷன்! வந்து திரும்பவும் விமானம் தான் ஓட்டினார். டான் கெண்டல் 1967-ல் வாகா வாகாவில் ஆரம்பிச்சவர். 1971-ல் அங்கிருந்து மெல்போர்னுக்குப் பயணிகள் சேவை. இந்த ரெண்டு பேரும் பெரிய ஊர்க்காரங்க கண்ணுக்கே தெரியாத ஊர்களை வானத்து வழியா கோர்த்தவங்க.

ஆன்செட் விழுந்தப்போ இந்த ரெண்டு குட்டிகளும் சேர்ந்து சாகவேண்டியது. சிங்கப்பூர்க்காரரான லிம் கிம் ஹாய் உள்ளிட்ட சில முதலீட்டாளர்கள் ரெண்டையும் வாங்கி ஒண்ணாக்கி, 2002-ல் ரெக்ஸ்னு பேர் வச்சாங்க. கையில் இருந்தது முக்கியமா சாப் 340 விமானங்கள். சுவீடன் தயாரிப்பு. 1999-லேயே உற்பத்தியை நிறுத்திட்டாங்க. அதாவது கம்பெனி பிறக்கும்போதே அதோட வண்டி பழைய மாடல்!

ஆனா அந்தப் பழைய மாடலை வச்சே வளர்ந்தாங்க. எப்படின்னு அப்பாவுக்கு விளக்கினப்போ அவரே எனக்குத் திருப்பி விளக்கினார்.

"ஏம்ப்பா, கொஞ்சம் பெரிய விமானமா விட்டா சீட்டுக்குச் செலவு குறையுமே?" இது நான், கணக்கர் மூளை.

"போடா. பெரிய வண்டி விட்டா உங்க ஊருக்கு நாளைக்கு ஒரு டிரிப்பு. சின்ன வண்டின்னா மூணு டிரிப்பு. ஆஸ்பத்திரிக்குக் காலையில போனவன் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பணும். அவனுக்கு வேண்டியது சீட்டு இல்ல, நேரம். நேரத்துக்கு வண்டி வர்றதுன்னு நம்பிட்டான்னா உன்னை விட்டுப் போகவே மாட்டான்."

அவ்வளவு தான். நான் அப்புறம் படிச்ச கட்டுரைகளில் இதையே பக்கம் பக்கமா எழுதியிருந்தாங்க. ஆஸ்திரேலிய விதிப்படி 36 பயணிகள் வரைக்கும் ஒரு பணிப்பெண் போதும், 34 சீட்டுங்கிறது அதுக்குள்ள அடங்குது. எல்லாமே ஒரே வகை விமானம்ங்கிறதால பைலட், மெக்கானிக், உதிரிபாகம் எல்லாம் ஒரே செட். உலகத்திலேயே அதிகமா சாப் 340 ஓட்டுறவங்களா ஆனாங்க. 2005-ல் டப்போ ஊரின் ஏர் லிங்க்கையும், அவசர மருத்துவ விமானமெல்லாம் ஓட்டுற பெல்-ஏரையும் வாங்கினாங்க. அதே வருஷம் பங்குச்சந்தையிலும் நுழைஞ்சாங்க.

அப்புறம் ஒரு சோதனை. 2007 வாக்கில் பெரிய நிறுவனங்கள் பைலட்டுகளைக் கொத்துக்கொத்தா இழுத்துக்கிட்டாங்க. நம்ம ஊர்ல டிரைவரை பெங்களூர் ஆம்னி பஸ்காரன் தூக்கிட்டுப் போற மாதிரி. ரெக்ஸ் சொந்தமா பைலட் பள்ளி ஆரம்பிச்சு வாகா வாகாவில் கட்டிட்டாங்க. படிக்கக் கடன் கொடுப்பாங்க, முடிச்சா இத்தனை வருஷம் எங்ககிட்ட தான் ஓட்டணும்னு ஒப்பந்தம். பிற்பாடு குவீன்ஸ்லாந்தின் உள்ளடங்கிய ஊர்களான லாங்ரீச், வின்டன், டூமட்ஜி, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி, எஸ்பரன்ஸ்... இப்படி நீண்டுகிட்டே போச்சு. பூமிக்கடியில் வீடு கட்டி வாழுற கூபர் பீடிக்கும் இவங்க விமானம் தான்.

இனி என் கதை. 2013 ஆகஸ்ட், ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா போன். அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஐசியூவில் சேர்த்திருக்கு, "கிளம்பி வாடா" என்றார். அம்மா அப்படிச் சொல்ற ஆளே இல்ல. ராத்திரியில் கார் எடுத்தா ஆறு மணி நேரம் கங்காரு குறுக்கே பாயுற ரோடு, எனக்கோ கை நடுங்குது. மனைவி சாவியைப் பிடுங்கி வச்சுட்டா. காலையில் முதல் விமானத்துக்கு டிக்கெட் போட்டோம்.

எங்க ஊர் விமான நிலையம் நம்ம ஊர் கல்யாண மண்டபத்தை விடச் சின்னது. கவுண்டர்ல இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிஞ்சு, "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாங்க. சொன்னேன். பெட்டிக்குச் சீட்டு ஒட்டிட்டு, "சிட்னியில் முதல் ஆளா இறங்குற மாதிரி முன்வரிசை ஒத்த சீட்டு கொடுத்திருக்கேன்" என்றார்கள். கொஞ்ச நேரத்துல அவங்களே கதவைத் திறந்து எங்களை விமானத்துக்கு நடத்திக்கிட்டுப் போனாங்க.

பழக்க தோஷம், தலையை எண்ணினேன். பதினொரு பேர்.

ஒண்ணேகால் மணி நேரத்துல சிட்னி, அங்கிருந்து சிங்கப்பூர், திருச்சி, வாடகை கார். மறுநாள் விடியுறதுக்குள்ள கும்பகோணம் ஆஸ்பத்திரி. அப்பாவுக்கு நினைவு இருந்துச்சு. ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிட்டு மெதுவா கேட்டார்.

"அந்தக் காத்தாடி விமானத்துலயா வந்தே?"

"ஆமாப்பா."

"எத்தனை பேரு?"

"பதினொண்ணு."

கண்ணை மூடிட்டு, "நஷ்டம்" என்றார்.

ரெண்டு நாள் கழிச்சு போயிட்டார். அவர் என்கிட்ட கடைசியா போட்ட கணக்கு அது தான். பதினொரு பேருக்காக ஒரு விமானம் கிளம்பினது அவருக்கு நஷ்டம். எனக்கு அந்த ரெண்டு நாள்.

2017 மார்ச்சில் ஆல்பரியிலிருந்து சிட்னி வந்த ரெக்ஸ் விமானத்தின் ஒரு பக்க ப்ரொப்பெல்லர் நடுவானத்தில் கழண்டு விழுந்துச்சு. நிஜமா! 16 பயணிகள், 3 ஊழியர்கள். பைலட்டுகள் இன்னொரு எஞ்சினை வச்சு பத்திரமா இறக்கிட்டாங்க. கழண்டு விழுந்தது சில நாள் கழிச்சு சிட்னிப் புறநகர்ப் புதர்க்காட்டுல கிடைச்சுது. அம்மா போன் போட்டு, "காத்தாடி கழண்டுடுச்சாமே, நீ பஸ்ஸுலயே போடா" என்றார். பஸ் எங்கே இருக்கு, போறதுக்கு?

அப்புறம் தான் அந்தப் பெரிய தாவல். 2020-ல் கொரோனாவில் வெர்ஜின் ஆஸ்திரேலியா தடுமாறினப்போ, ரெக்ஸுக்கு மெல்போர்ன் - சிட்னி ரூட்டு மேல ஆசை வந்துச்சு. உலகத்தின் பரபரப்பான விமான ரூட்டுகளில் அதுவும் ஒண்ணு. பிஏஜி என்ற ஆசிய முதலீட்டு நிறுவனம் 15 கோடி டாலர் வரை கொடுக்க முன்வந்துச்சு. வெர்ஜின் கழிச்சுவிட்ட போயிங் 737-களைக் குத்தகைக்கு எடுத்து, 2021 மார்ச் 1-ல் முதல் சேவை. ஒவ்வொண்ணிலும் 176 சீட்டு. எங்க ஊர்ல எல்லோருக்கும் பெருமை. நம்ம ஊர்ப் பையன் பட்டணத்துல கடை போட்ட மாதிரி.

குவாண்டாஸ் சும்மா இருக்குமா? அதே சமயத்துல ரெக்ஸின் சின்ன ரூட்டுகளில் புதுசா விமானம் விட ஆரம்பிச்சுது, எங்க கிரிஃபித் உள்பட. கொஞ்ச நாள் எங்களுக்கு ராஜ வாழ்க்கை :-) அந்த வருஷ நடுவிலேயே சிட்னி ஊரடங்கு வந்து ஜெட்டுகள் சில மாசம் தரையில் நின்னுச்சு.

இங்க தான் அப்பா சொன்னது எனக்குத் தலைகீழா உறைச்சுது. சின்ன ஊர்ல ரெக்ஸ் ஜெயிச்சது நேரத்தால. நாளைக்கு மூணு டிரிப்பு, ஊரே அதை வச்சு வாழ்க்கையை அமைச்சுக்கும். மெல்போர்ன் - சிட்னி ரூட்டுல குவாண்டாஸ் சும்மா டவுன் பஸ் மாதிரி விடுறான். மீட்டிங் சீக்கிரம் முடிஞ்சா அடுத்த விமானத்துல ஏறலாம். விரல் விட்டு எண்ணுற ஜெட்டுகளை வச்சிருக்கிற ரெக்ஸ் அங்க "நாளைக்கு ஒரு டிரிப்பு" வண்டி. எந்த ஆயுதத்தால இங்க ஜெயிச்சாங்களோ, அந்த ஆயுதம் அங்க எதிராளி கையில்.

சின்ன விமானப் பக்கமும் நிலைமை சுகமில்ல. பைலட் பற்றாக்குறை, பழைய சாப்புக்கு உதிரிபாகம் கிடைக்கல, பல விமானங்கள் ஓரங்கட்டி நின்னுச்சு.

2024 ஜூலை 30. ரெக்ஸ் நிர்வாகிகள் கையில் ஒப்படைக்கப்பட்டதுன்னு செய்தி. ஜெட்டுகள் எல்லாம் நிறுத்தம், நூற்றுக்கணக்கானவங்களுக்கு வேலை போச்சு. சாப் விமானங்கள் மட்டும் பறக்கும்னாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல தான் பான்ஸா என்ற இன்னொரு புது நிறுவனம் ராத்திரியோட ராத்திரியா நின்னுபோயிருந்துச்சு. அதனால "பறக்கும்"ங்கிற வார்த்தையை ஊர்ல யாரும் நம்பல.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அம்மாவுக்கு எழுபத்தெட்டு. மனசுக்குள்ள அதே பதினோரு மணி போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு நிறுவனம் இருந்தா என்ன, ஒண்ணு போனா இன்னொண்ணு எத்தனை நாளைக்கு இந்த ஊருக்குத் தினமும் வரும்? காலையில் அந்தக் காத்தாடிச் சத்தம் கேட்டுச்சு. பல வருஷமா தூக்கத்தைக் கெடுக்குதுன்னு நான் திட்டின சத்தம். எழுந்து போய் ஜன்னல்ல நின்னு கேட்டேன்.

அப்புறம் ஃபெடரல் அரசு இறங்கி வந்துச்சு. 2024 நவம்பரில் 8 கோடி டாலர் வரை கடன், 2025 ஜனவரியில் பிஏஜிக்குக் கொடுக்க வேண்டிய 5 கோடி டாலர் கடனையும் அரசே வாங்கிக்கிட்டது. 2025 அக்டோபரில் அமெரிக்காவின் ஏர் டி நிறுவனம் ரெக்ஸை வாங்க ஒப்பந்தம் போட்டுச்சு. விமான எஞ்சின், உதிரிபாகம்னு வியாபாரம் பண்றவங்க. ஓரங்கட்டி நிக்கிற சாப்புகளுக்கு அது தான் இப்போ மருந்து.

பேராசை பெருநஷ்டம்னு முடிச்சுட்டுப் போறது சுலபம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரல. ஆன்செட்டும் சின்ன ஊர்ல ஒத்தை விமானத்துல ஆரம்பிச்சது தான், வளராம இருந்திருந்தா அது பேரே நமக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா வளர்ச்சின்னா பட்டணத்துக்குப் போறதுன்னு நாம எல்லோரும் ஏன் நினைக்கிறோம்? நானும் ரெண்டு வருஷத்துல சிட்னின்னு வந்தவன் தானே. டூமட்ஜிக்கும் கூபர் பீடிக்கும் நேரத்துக்கு ஒரு விமானம் போய்ச் சேர்றதும் வளர்ச்சி தான். அதை யாரும் பெருசா எழுத மாட்டாங்க, அதான் நான் எழுதுறேன்.

2025-ல் ஒரு வேலையா சிட்னி போனேன். அதே ஒத்த சீட்டு. வழக்கம்போல தலையை எண்ணினேன். இருபத்திரெண்டு.

அப்பா இருந்திருந்தா "டீசல் காசு வந்துரும்" என்று சொல்லியிருப்பார்.

பி.கு: உங்க ஊருக்கும் இப்படி "கடைசி வண்டி" ஒண்ணு இருக்கும். பஸ்ஸோ, ரயிலோ, படகோ. அதைப் பத்தி எழுதுங்க மக்கா, படிக்கக் காத்திருக்கேன்.