பூட்டும் சீட்டும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் அந்நாளில் கொழுந்து நிறுக்கும்போது, கூடையைத் தராசில் ஏற்றிய பெண் எடை எழுதுபவரின் முகத்தைப் பாராள், முள்ளையே பார்ப்பாள். அவர்மீது ஐயம் என்பதன்று. எடை ஏட்டில் ஏறியபின் கொழுந்து அவள் கையில் இராது. எழுத்து ஒன்றே எஞ்சும்.

ஊருக்குப் பணம் அனுப்புவதும் அத்தகையதே. மலாயாவிலிருந்து தமிழகத்திற்குப் பணம் சென்ற வழிகளுள் உண்டியல் ஒன்று. இங்கே வெள்ளியைப் பெற்றுக்கொண்ட செட்டியார் கடை சீட்டெழுதும். அங்குள்ள கூட்டாளி ரூபாயை எண்ணிக் கொடுப்பார். வெள்ளி கடல் கடப்பதில்லை; கடப்பது வாக்கு. நாணயம் என்ற சொல்லுக்குக் காசு, நேர்மை என இரு பொருள் அமைந்தது வீணன்று.

இன்று அத்தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் கைப்பேசியிலேயே கிரிப்டோ நாணயம் வாங்குகின்றனர். பிளாக்செயின் என்பது பலர் சேர்ந்து காக்கும் கணக்கேடு. எத்தீரியம் ஓர் ஏடு. சொலானா மற்றோர் ஏடு. ஓர் ஏட்டின் காசு மற்றொன்றில் செல்லாது. அதற்கென அமைந்தவற்றைப் பாலம் என்கிறார்கள். பொருத்தமான பெயரன்று. பெரும்பாலான பாலங்களில் எதுவும் கடப்பதில்லை. காசு இக்கரையில் பூட்டப்படுகிறது, அக்கரையில் அதற்கு ஈடாக ஒரு சீட்டுப் பிறக்கிறது.

பேரன் ஒருவன் தன் சேமிப்பை இவ்வாறு மாற்றப் போவதாகச் சொன்னபோது பாட்டனார் கேட்டது ஒன்றுதான்: "பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்கு, தம்பி?" சப்பானியர் காலத்து வாழைமர நோட்டு 1945இல் வெறுந்தாளான கதையைத் தந்தையார் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர் அவர். முதலில் சிறுதொகை அனுப்பிப் பார்ப்பதாகப் பேரன் சொன்னான். நல்ல வழக்கமே. ஆயினும் சிறுதொகை சேர்வது வழி திறந்திருப்பதற்குச் சான்று. சாவி பத்திரமாய் இருப்பதற்கன்று.

2022ஆம் ஆண்டு ரோனின் பாலத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒன்பது சாவிகளுள் ஐந்து சேர்ந்தால் பெட்டி திறக்கும். அவற்றுள் நான்கு ஒரே நிறுவனத்திடம் இருந்தன. ஐந்தாவதன் சார்பில் கையொப்பமிட அந்நிறுவனத்திற்குத் தற்காலிகமாக அளித்த அனுமதி, தேவை தீர்ந்த பின்னும் நீக்கப்படாமல் கிடந்தது. மார்ச் 23ஆம் நாள் திருடர் ஐந்தையும் கைக்கொண்டு 173,600 ஈத்தரை, வேறு காசுகளுடன், அள்ளிச் சென்றனர். மதிப்பு 60 கோடி அமெரிக்க டாலருக்கும் அதிகம். வாடிக்கையாளர் ஒருவர் 5,000 ஈத்தரைத் திரும்பக் கேட்டுக் கிடைக்காத பிறகே, 29ஆம் நாள், பெட்டி வெறுமையானது தெரிய வந்தது. அந்த ஆறு நாளும் அக்கரை ஏட்டில் சீட்டு வைத்திருந்தோரின் இருப்பு எழுதியது எழுதியபடியே இருந்தது.